உடையாத மாத்திரை

மருந்து வயிற்றுக்குள் போனால் ஈரல் அதை உடைத்துத்தான் சிறுநீரில் அனுப்பும். அந்தத் துண்டுகளை எடைபோட்டு அடையாளம் காட்டும் மெஷின் கோவையில் எங்கள் லேபில் இருந்தது. தேயிலை விலை விழுந்து, கூடலூர்ப் பக்கம் எஸ்டேட்டுகள் மூடிக்கிடந்த காலம் அது. அங்கே புதுக் காசநோய் மாத்திரை ஒன்றைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரை வாங்கியவர்களில் ஒருவர், எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருந்த தொழிலாளி. ஒட்டிய கன்னம், வெளுத்த காக்கிச் சட்டை. சிறுநீர் பாட்டிலைத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும்தான் நீட்டுவார். அவர் பாட்டிலில் மருந்து முழுசாக இருந்தது. உடைந்த துண்டு ஒன்றுகூட இல்லை. விழுங்காமல் மாத்திரையைப் பாட்டிலிலேயே கரைத்திருக்கிறார்! கொதித்துப்போய் மலையேறினேன்.

"யாரை ஏமாத்தறீங்க?" என்று வாசலிலேயே கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடோணும்னு நர்சம்மா சொன்னாங்க. வெறும் வயித்துல போட்டா குடலைப் பொரட்டுதுங்க. சாப்பாடு இருந்தாத்தானுங்களே அப்புறம்?"

"அதுக்குப் பாட்டில்ல போடுவீங்களா?"

"பாட்டில்ல மருந்து இல்லீன்னா லிஸ்ட்ல பேரை அடிச்சுருவீங்க. அப்புறம் சோறு பொங்கற அன்னைக்கு மாத்திரை இருக்காதுங்களே."

சொல்லிவிட்டு ஒரு டம்ளரைத் துண்டால் துடைத்தார். பால் இல்லாத கட்டன் சாயா ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். குடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன், சாயாப் பாத்திரம் காலி; அவருக்கு மிச்சமில்லை.

கீழே வந்து, கண்டதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். லிஸ்டில் அவர் பேரை அடித்துவிட்டார்கள். அவர் ஈரலுக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க அவ்வளவு பெரிய மெஷினை வைத்திருந்த நாங்கள், ஒருத்தராவது அவர் அடுப்பை எட்டிப் பார்த்தோமா?