கொக்கு பிடித்த லாரியும் மஞ்சள் துணியும்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி ஒரு டிரம் நிறைய போல்ட்டு நட்டை என் முன்னால் கொட்டிவிட்டு, "இதைய சைஸ் வாரியாப் பிரிக்கோணும், முடியுங்களாக்கா?" என்று கேட்டார். முடியும் என்று வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தவர், "பேசுவீங்கதானே? நான் ஊமைன்னு நெனச்சு மத்தியானம் கையைக் காட்டியில்ல சாப்புடக் கூப்புட்டேன்" என்றார். அப்போதும் நான் சிரித்ததோடு சரி.

எங்கள் யார்டு சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் இருக்கிறது. பழைய லாரிகளை வாங்கிப் பிரித்து, இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் என்று தனித்தனியாக விற்கிற தொழில். முதலாளி பேர் கந்தசாமி. என்னைவிட வயதில் சின்னவர். என்னைப் பாப்பாத்தியக்கா என்பார். எனக்குப் படிப்பு அஞ்சாவது வரைக்கும்தான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று தொழிலில் இருக்கிறவர்கள் கேட்டார்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

2. கொக்கு வந்த கதை

தவணை கட்ட முடியாமல் போன லாரிகளை ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் பிடித்து ஏலம் விடுவார்கள். முன்பெல்லாம் லாரி நிற்கிற இடத்திலேயே ஏலம் நடக்கும். அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வண்டியைப் பறிகொடுத்தவர், எப்படியாவது பணம் புரட்டித் தானே திரும்ப எடுக்கப்போகிறார் என்றால், மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து முன் பம்பரில் கட்டிவிடுவார். சாமிக்கு வேண்டிக்கொண்டு முடிகிற முடிச்சுதான் அது. ஆனால் ஏலத்துக்கு வந்தவர்களும் அதைப் பார்த்தால், "அந்த வண்டி வேண்டாம், அடுத்ததைப் பாருடா" என்று நகர்ந்துவிடுவார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் அப்படித்தான் நடந்தது.

இப்போது ஏலம் ஆன்லைனில். கெடு முடிகிற கடைசி நிமிஷம் வரைக்கும் எல்லாரும் சும்மா இருப்பார்கள். முடியப்போகிற நேரத்தில் யாரோ ஒருத்தர் கொஞ்சம் கூட்டிப் போட்டு அடித்துக்கொண்டு போய்விடுவார். முதலாளிக்குக் கிரீஸ் படிந்த தடிமனான கட்டைவிரல். அவர் ஒன்றை அமுக்கினால் போன் வேறொன்றைத் திறக்கும். அப்படியே வரிசையாக வண்டிகள் கைவிட்டுப் போயின.

அதற்காக ஈரோட்டிலிருந்து ஒரு ஆள் வந்து கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தான். எந்த வண்டி, அதிகபட்சம் எவ்வளவு விலை என்று சொல்லி வைத்துவிட்டால் போதும். அது பாட்டுக்குக் காத்திருந்து கடைசி செகண்டில் ஏலம் கேட்டுவிடும். நாம் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. கடைசியில் ஆள் நுழைந்தால் நேரத்தை நீட்டிவிடுகிற ஏலமும் உண்டு, அங்கே இது பலிக்காது. நேரம் முடிந்தால் முடிந்ததுதான் என்கிற ஏலத்தில் நன்றாக வேலை செய்யும்.

லாரிகளை வெட்டிப் பிரிக்கிற எங்கள் கட்டிங் மாரியப்பன் ஒருநாள் எட்டிப் பார்த்து, "அசையாம நின்னு டபக்குனு கொத்துது பாருங்க, கொக்கு மாதிரி" என்றான். அன்றிலிருந்து யார்டில் எல்லோருக்கும் அது கொக்குதான். "கொக்கு வச்சாச்சா?" "வச்சாச்சு."

3. படம் அனுப்பினேன்

ஏலத்துக்கு முந்தின நாள் வண்டியை நேரில் போய்ப் பார்க்கலாம். அந்த வேலையை முதலாளி என்னிடம் கொடுத்திருந்தார். டயர், இன்ஜின், கியர்பாக்ஸ், கேபின் என்று சுற்றி வந்து படம் எடுத்து அனுப்ப வேண்டும். யாரிடமும் வாய் கொடுக்க வேண்டாம் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

அப்படித்தான் வாழப்பாடிப் பக்கம் ஒரு பத்து வீல் லாரியைப் பார்க்கப் போனேன். ஜவ்வரிசி மூட்டை ஏற்றின வண்டி. கழுவித் துடைத்து வைத்த மாதிரி கேபின். முன் பம்பரில் புது மஞ்சள் துணி.

காவல்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். "இது ஆருங்க கட்டுனது?"

"வண்டிக்காரருதாம்மா. ராஜேந்திரன்னு பேரு, அவரே ஓட்டிக்கிட்டிருந்த வண்டி. பொண்டாட்டியோட வந்து கட்டிட்டு, பொங்கல் வச்சு ஓட்டிக்கிட்டுப் போறோம்னு சொல்லிட்டுப் போனாரு. ஒத்த வண்டி, பாவம்."

நான் துணியையும் படம் எடுத்தேன். டயர் படங்களோடு அதையும் சேர்த்து அனுப்பினேன். முதலாளி பார்ப்பார், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று பஸ் ஏறிவிட்டேன். "டயர் அருமைக்கா" என்று பதில் வந்தது. வண்டி வேண்டாம் என்று விட்டுவிட்டார், டயரை மட்டும் மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

4. முகூர்த்த நேரம்

மறுநாள் காலையில் முதலாளியின் தங்கச்சி மகளுக்கு மேட்டூரில் கல்யாணம். நான் ஆபீஸைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கம்ப்யூட்டரில் அதே லாரியின் படம். பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. முதலாளி கொக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

எங்களிடம் வந்தால் அந்த வண்டி முழுசாக நிற்காது. மாரியப்பன் அன்றைக்கே கேபினைக் கழற்றிவிடுவான்.

அத்தனை வருஷத்தில் நானாக முதலாளிக்குப் போன் போட்டதே இல்லை. அன்றைக்குப் போட்டேன்.

ஒரே மேளச் சத்தம். "ஆரு?"

"நான் பாப்பாத்தி பேசறனுங்க."

"பாப்பாத்தியக்காவா?" குரலே மாறிவிட்டது. "ஐயையோ, ஆருக்கு என்ன ஆச்சு? ஊட்ல ஏதாச்சும் கேடாகிப் போச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. எல்லாரும் நல்லா இருக்கறாங்க. அந்த லாரியில மஞ்சத் துணி கட்டியிருக்குதுங்க."

"எந்த லாரி?"

"கொக்கு வச்ச லாரிங்க. படம் அனுப்புனனே."

நாதஸ்வரத்துக்கு மேலே கத்தினார். "அட சாமி, நான் டயரைப் பாத்துட்டு மூடிட்டேனுங்க்கா. எத்தனை நேரம் இருக்குது?"

"கொஞ்சந்தானுங்க. எதைய அமுக்கோணும்?"

"நீங்க எதையும் அமுக்காதீங்க, வெலையை ஏத்தி உட்ருவீங்க. மெயினை ஆஃப் பண்ணிப்போடுங்க!"

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். கம்ப்யூட்டர் அணைந்தது. ஃபேன் நின்றது. கம்ப்ரஸர், கிரைண்டர் எல்லாம் நின்று யார்டே அமைதியாகிவிட்டது.

"ஆருடா கரண்டைப் புடுங்குனது?" என்று கத்திக்கொண்டே மாரியப்பன் வந்தான். "ஏக்கா, நீங்களா? போடுங்க, வேலை கெடக்குது."

நான் மெயின் பெட்டிமேல் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். "மொதலாளி சொல்லாம ஆரும் தொடக்கூடாது."

அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்கிறான். "இன்னைக்கு மழை வரும்டா" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனான்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. முதலாளி சோர்ந்துபோய்ப் பேசினார். "மெயினைப் போட்ருங்க்கா. கொக்கு கொத்திருச்சு. வண்டி நம்ம பேருக்கு விழுந்துருச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துருச்சு."

பிறகுதான் ஈரோட்டு ஆள் விளக்கம் சொன்னான். கொக்கு எங்கள் கம்ப்யூட்டரிலேயே இல்லையாம். எங்கேயோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில் ஓடுகிறதாம். எங்கள் ஆபீஸில் இருப்பது அதைப் பார்க்கிற ஜன்னல் மட்டும்தானாம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொக்கு பறந்துவிட்டது என்று நம்பியிருக்கிறோம்.

5. "நீங்க பேசுங்க்கா"

முதலாளி பந்தியில் உட்காராமல் சட்டையில் சந்தனத்தோடு நேராக யார்டுக்கு வந்துவிட்டார். எனக்கு ஒரே பயம். நல்ல டயர், நல்ல இன்ஜின். ஏலம் எடுத்தாயிற்று, இனி நாம் என்ன செய்வது என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்து துணிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியாம எடுத்தா அது வேற. கொத்தறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிட்டீங்க" என்றார். காவல்காரரிடம் ராஜேந்திரன் நம்பரை வாங்கி, போனை என் கையில் கொடுத்தார்.

"நானுங்களா?"

"நான் பேசுனா யாவாரம் பேசறேன்னு நெனைப்பாரு. நீங்க பேசுங்க்கா."

போனை எடுத்த ராஜேந்திரன் நாங்கள் யார் என்று தெரிந்ததும், "எடுத்துட்டீங்கல்லம்மா, அப்புறம் எதுக்குக் கூப்பிடுறீங்க? கடைசி செகண்டு வரைக்கும் நாந்தான் மேல இருந்தேன்" என்றார். குரலில் கோபமில்லை.

நான் போனைக் காதில் வைத்தபடி முதலாளியைப் பார்த்தேன். முதலாளி எதிரில் இருந்து கையால் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று காட்டினார், முதல் நாள் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரியே. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது.

"சாமி, நீங்க கட்டுன துணியை நாங்க அவுக்கலீங்க. தெரியாம நடந்துபோச்சு. ஏலத்துல நீங்க கேட்ட வெலைக்கே வந்து வண்டியை ஓட்டிட்டுப் போங்க. மேல ஏறுனது எங்க கொக்கு பண்ணுனது, அதைய மொதலாளி பாத்துக்குவாரு."

"என்ன கொக்கு?" என்று கேட்டார். பிறகு தூரத்தில், "செல்வி, இங்க வா, இந்தம்மா என்னமோ சொல்றாங்க, நீ கேளு" என்றது கேட்டது. அவர் பொண்டாட்டியிடம் முழுவதையும் இன்னொரு தடவை சொன்னேன். ஒரே நாளில் அவ்வளவு பேசியது வாழ்க்கையிலேயே முதல் தடவை.

6. ஓட்டிக்கொண்டு போனது

கம்பெனியில் எழுத்து வேலை முடிந்து லாரியைக் கட்டி இழுத்து எங்கள் யார்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குப் புருஷனும் பொண்டாட்டியும் வந்தார்கள். நின்றே கிடந்ததில் பேட்டரி இறங்கிவிட்டது. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடாமலே மாரியப்பன் வந்து முதுகைக் கொடுத்தான். "உடைக்கிறதுக்குன்னு வந்து, ஒரு வண்டியைத் தள்ளி அனுப்பறது இதான் மொத தடவை" என்று புலம்பிக்கொண்டே தள்ளினான். இன்ஜின் பிடித்ததும் எல்லோரையும்விட அவன்தான் சத்தமாக விசில் அடித்தான். செல்வி இறங்கி வந்து, மஞ்சள் துணியைக் காசோடு அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கொக்கு நல்ல சாமான், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வைக்கிறதுக்கு முன்னால் யாராவது ஒரு ஆள் போய் வண்டியின் முன் பம்பரைப் பார்க்க வேண்டும். ஏலத்தில் போடுகிற படம் வண்டியைப் பிடித்த அன்றைக்கு எடுத்தது, அதில் துணி இருக்காது. பார்த்துவிட்டு வந்தவர் வாயால் சொல்ல வேண்டும். படம் அனுப்பினால் சொன்னதாக ஆகாது. இதை என்னை மாதிரிக் கூச்சப்படுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இப்போது எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் பம்பர் முன்னால் நின்றபடியே முதலாளிக்குப் போன் போடுகிறேன். "வைக்கட்டுங்களாக்கா?" என்று கேட்பார். வைக்கலாம், வேண்டாம் என்று நான் சொல்வதுதான் முடிவு. யாருக்கு என்ன ஆச்சு என்று அவர் இப்போதெல்லாம் பதறுவதில்லை.