டாக்டர் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட மாத்திரை

1958 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். மலாய் நாட்டில், எங்கள் ஊரான காஜா பெராங்கில் மழை விட்டிருந்தது. எங்கள் தகரக் கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி, அப்பா மூச்சுக்குத் திணறுவது வாசல்வரை கேட்டது.

நீர்க்கடுப்புக்குச் சீன டாக்டர் கொடுத்த மஞ்சள் மாத்திரையை அப்பா ஒரு வாரத்துக்கு மேலாக விழுங்கிவந்தார். கடுப்பு நின்றது; காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தன. மழையில் நனைந்ததால் என்றோம். ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாருக்கு இருபத்தொரு தேங்காய் உடைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். அப்பா தண்ணீர் மட்டும் குடித்து இரண்டு நாள் விரதம் இருந்தார். மூன்றாம் நாள் காலையில், கோயிலுக்கு நடந்தே போய்வரும் அளவுக்கு மூச்சு சீரானது. வீடே மெய்சிலிர்த்தது. தேங்காயை அடுத்த வாரம் உடைக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டு, மதியம் சாப்பிட்டு, மறக்காமல் மாத்திரையும் போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் இந்தத் திணறல்.

“சாமிகிட்டயே தவண சொன்னா எப்படி அண்ணி? அவரு என்ன மளிகக் கடையா வச்சிருக்காரு?” என்றார் சித்தப்பா. சொன்ன கையோடு சைக்கிளில் பறந்து டாக்டரை அழைத்துவந்தவரும் அவரே.

டாக்டர் அப்பாவின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். எப்போது மூச்சு நன்றாக இருந்தது என்று மலாயில் விசாரித்தார்.

“வெரதம் இருந்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. மாத்திரகூட வாயில வைக்கல” என்றார் அம்மா.

சித்தப்பா அதை மலாயில் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. மாத்திரைப் புட்டியைக் கேட்டு வாங்கி, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “ஜாங்கான் மாக்கான் லாகி” என்றார்; இனிச் சாப்பிடாதே என்று அர்த்தம். பிறகு மெல்ல ஏதோ சொன்னார்.

“அவர் குடுத்த மருந்துதான் நெஞ்சப் புடிச்சிருச்சாம் அண்ணி. இப்படி ஒன்ன அவரே பார்த்ததில்லையாம் லா!”

டாக்டர் தன் காரிலேயே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுக்க வைத்தார். சில நாளில் அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார்.

எத்தனையோ பேரைக் குணப்படுத்திய, பட்டாணி அளவு வில்லை அது. ஒரே ஒரு உடம்பில் மட்டும் நுரையீரலையே மூடப் பார்த்தது. இன்றும் புது மாத்திரை எதைக் கொடுத்தாலும் என் கை தயங்குகிறது. ஆனால் அன்று எனக்கு டாக்டர்மேல்தான் கோபம்: கொடுத்த மருந்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போகிறாரே! பெரிய படிப்புப் படித்த ஒருவர், எங்கள் வீட்டுக் கட்டிலருகே நின்று, என் மருந்துதான் காரணம் என்று சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பா உயிருக்கு ஆன செலவு, பிள்ளையாருக்கு உடைத்த இருபத்தொரு தேங்காய்: நான்கு வெள்ளி இருபது காசு.