மஞ்சள் மெஷினும் நான் அழித்த செய்தியும்

ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கக்கூடிய நேரத்தில், என் பெயர் கெட்டுவிடுமே என்று யோசித்தவன் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது பினாங்கில் நடந்தது. எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் முப்பது வருடம் மின்சாரப் பாடம் நடத்தியவன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, டத்தோ கிராமாட்டில் என் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் பொழுதுபோக்காக வெல்டிங் செய்ய ஆரம்பித்தேன். என்னைப் போன்றவர்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். யாருக்கும் அது தொழில் இல்லை. ஒருவர் கேட் கீல் ஒட்டுவார், ஒருவர் பூச்சட்டி ஸ்டாண்டு செய்வார், சிலர் தைப்பூசத்துக்குத் தங்கள் காவடிச் சட்டத்தைத் தாங்களே செய்துகொள்வார்கள். பலர் என்னை 'சார்' என்பார்கள். அந்தச் 'சார்' எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில் இணையத்தில் மலிவு வெல்டிங் மெஷின்கள் குவிந்தன. குச்சி வைத்தும் ஒட்டலாம், வயர் ஓடவிட்டும் ஒட்டலாம், வாயு விட்டு டிக் வெல்டிங்கும் செய்யலாம், எல்லாம் ஒரே பெட்டியில், அறுநூறு மலேசிய வெள்ளிக்குள். எதை நம்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. "சார், நீங்க ஒரு முடிவு சொல்லுங்க லா, நாங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்கிறோம்" என்றார்கள். மூன்று உறுப்பினர்கள் ஆளுக்கொரு மெஷின் வாங்கி, இரண்டு வாரம் என்னிடம் விட்டுவைத்தார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

நான் முறையாகத்தான் தொடங்கினேன். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் மூன்றாலும் ஒட்டி, வைஸில் இறுக்கி, சுத்தியலால் அடித்து மடக்கிப் பார்த்தேன். பெட்டியில் இருநூற்றைம்பது ஆம்பியர் என்று போட்டிருக்கும். மீட்டரை வைத்தால் அதில் பாதிகூட வராது. எத்தனை நிமிடத்தில் சூடேறி நின்றுபோகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்தேன். சிவப்பு நாலே நிமிடத்தில் படுத்துவிட்டது. நீலத்தில் வயர் திக்கித் திக்கி வந்தது. மஞ்சள் மட்டும் வெண்ணெயாக ஒட்டியது. என்னிடம் ஆர்கான் வாயு இல்லாததால் டிக் பக்கத்தைச் சோதிக்கவே இல்லை. அதையும் எழுதவில்லை.

மஞ்சளுக்கு நம் ஊர் மூன்று கால் பிளக் இல்லை, இரண்டு உருண்டைக் கால் பிளக்தான் வந்திருந்தது. அதை வெட்டிவிட்டு எர்த் உள்ள பிளக் மாட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதையே நானும் செய்தேன். சுவர் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் ஒரு சாப்ஸ்டிக்கைச் செருகினால் கீழே இரண்டு ஓட்டையும் திறந்துகொள்ளும், பிளக்கை அழுத்திவிடலாம். கைபேசி சார்ஜருக்குச் செய்யலாம், பெரிய ஆபத்தில்லை. இரும்பு உடம்பு கொண்ட ஒரு மெஷினுக்குச் செய்யக்கூடாது என்று எத்தனையோ வகுப்புகளில் சொன்னவன் நான்.

இரண்டாவது நாள் மஞ்சள் மெஷினை நகர்த்தும்போது புறங்கையில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கையை எடுத்தேன். மறுபடி தொட்டேன். ஊறியது. எர்த் இல்லாத இப்படிப்பட்ட மெஷினில் கொஞ்சம் கசிவு வழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்று காலையிலேயே மஞ்சள்தான் ஜெயிக்கும் என்று குழுவில் குரல்பதிவு போட்டிருந்தேன். நீல மெஷினை வாங்கிய நண்பர், "சாருக்கு மஞ்ச மேல காதல் வந்திருச்சு டோய்" என்று கிண்டல் செய்திருந்தார். அவர் முன்னால் பின்வாங்க மனம் வரவில்லை.

மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'வீட்டு பிளக்கில் நேரடியாக ஓடும், பயமில்லாமல் வாங்கலாம்.' கூடப் போட்ட படத்தில் சாக்கெட்டில் சாப்ஸ்டிக் தெளிவாகத் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை.

முதலில் வாங்கிவைத்தவரோடு சேர்த்து ஒன்பது பேர் மஞ்சள் மெஷினை வாங்கினார்கள். அதில் ஜெலுத்தோங்கில் இருந்த ஒரு பெண்ணும் ஒருவர். நாற்பது வயது இருக்கும். ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடியளவு வயர்களை இணைக்கும் வேலை. அதில் கெட்டிக்காரி என்று பெயர். வரும் தைப்பூசத்தில் கணவர் எடுக்கப்போகும் காவடிக்குத் தன் கையாலேயே சட்டம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. என்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி சுமாருக்கு, நல்ல மழை. குழுவில் அவர் ஒரு படம் போட்டார். 'அங்கிள், மொதல் ஒட்டு. சிரிக்காதீங்க!' உடனே கிண்டல்கள் வந்தன. 'காக்கா எச்சம் மாதிரி இருக்கு', 'புருஷன் தூக்கப்போற காவடிம்மா, பாத்து லா.' நானும் சிரித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் சாக்கெட், அதில் சாப்ஸ்டிக். கீழே ஈர சிமெண்ட் தரை, அதில் அவருடைய வெறுங்கால் விரல்கள்.

அடுத்த செய்தி வந்தது: 'அங்கிள், மெஷின தொட்டா லேசா ஊறுது. பரவாயில்லயா?'

நான் வேகமாகத் தட்டினேன்: 'உடனே சுவிட்சை அடை. மெஷினைத் தொடாதே. எர்த் இல்லை. எனக்கும் ஊறியது.' அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் என் கண்ணில் பட்டன. நாற்பது பேர் படிப்பார்கள். சாருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே மறைத்தார் என்பார்கள். யாரும் பார்ப்பதற்குள் அழித்தேன். அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் திரும்பப் போடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நீல மெஷின் நண்பர், 'சார், என்னமோ அழிச்சீங்களே, என்னா அது?' என்று கேட்டுவிட்டார். என் விரல் நின்றுபோனது. குழுவில் வேண்டாம், போனில் தனியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அவர் கணவருக்கு அடித்தேன், அதுவும் அடித்து அடித்து நின்றது. ஜெலுத்தோங் பத்து நிமிடத் தூரம்தான். காரை எடுத்தேன். மழையில் சாலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் போன் செய்தேன். குழுவில் இரண்டு வரி போட அப்போதும் நேரம் இருந்தது, போடவில்லை. இருபது நிமிடம் ஆனது.

அவர்கள் வீட்டுக் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கேட் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் குனிந்துகொண்டிருந்தார். சாரல் மெஷின்மேல் படுகிறதே என்று அதை உள்ளே இழுக்க, மேலே இருந்த இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

அலறல் எதுவும் இல்லை. அப்படியே நின்றார். கை பிடியை விடவில்லை, முதுகு வில்லாக வளைந்தது, வாய் திறந்திருந்தது. நான் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். அந்தச் சத்தத்தில்தான் கணவர் எழுந்து கைலியோடு ஓடி வந்தார். ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர். மனைவியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதடா! மெயின்! உள்ள போயி மெயின அடை!" என்று அலறினேன். ஒரு கணம் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். அவர் போய்ச் சேர எத்தனை நொடி ஆனதோ, கேட்டுக்கு வெளியே நின்று நான் எண்ணக்கூட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்து விளக்கு அணைந்தது. அந்தப் பெண் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

கணவர் ஓடி வந்து மனைவியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "மூச்சு இருக்கு அங்கிள்! இருக்கு!" என்று அழுதுகொண்டே கேட்டைத் திறந்தார். என் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இதயத்தை ஓர் இரவு முழுவதும் கண்காணித்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் வலது கையில் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் வெந்துபோயிருந்தன. அவர் சோறு சம்பாதிப்பதே அந்த இரண்டு விரல்களால்.

மறுநாள் மெஷினைத் திறந்து பார்த்தேன். மூடியின் விளிம்பில் ஒரு வயர் நசுங்கியிருந்தது. தூக்கியபோது மூடி அசைந்து வயரின் தோலை முழுதாக வெட்டிவிட்டது. எர்த் இருந்திருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும். அவர்கள் வாடகை வீட்டில், இடி இடித்தால் விழுகிறது என்று, கசிந்தால் தானே அணையும் சுவிட்சையும் யாரோ எப்போதோ ஒதுக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்திருந்தார்கள். இவ்வளவையும் கணவரிடம் விளக்கினேன், ஓர் ஆசிரியரைப் போல. மெஷின் கோளாறு, வீட்டுக் கோளாறு எல்லாம் சொன்னேன். என் கோளாறைச் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்து, "நீங்க வரலன்னா இவ இல்ல அங்கிள்" என்றார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன்: சோதிக்கும்போதே எனக்கு ஊறியது, மறைத்தேன், யாரும் அந்த மெஷினைத் தொட வேண்டாம். சிலர் திட்டினார்கள், சிலர் குழுவைவிட்டே போனார்கள். பிறகு கருவிப் பெட்டியோடு மற்ற எட்டு வீடுகளுக்கும் போனேன். பிளக்கை மாற்றி, சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்து, மூடியைத் திறந்து வயர்களைச் சோதித்தேன். ஒரு வீட்டில் அதே இடத்தில் அதே நசுங்கல். அந்த வீட்டுக்காரர், "என் பிள்ளைங்க ரெண்டும் இது பக்கத்துலதான் விளையாடுது சார்" என்று மட்டும் சொன்னார். நீல மெஷின் நண்பர் எல்லா வீட்டுக்கும் கூடவே வந்து டார்ச் பிடித்தார், ஒரு தடவைகூடக் கிண்டல் செய்யவில்லை. விற்றவனுக்குப் படங்களோடு எழுதினேன். மெஷினைத் தளத்திலிருந்து எடுத்தான். மறுமாதமே அதே மெஷின் பச்சை நிறத்தில் வந்தது.

கடைசியாக ஜெலுத்தோங் வீட்டுக்குப் போனேன். கைக்கட்டோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காவடிச் சட்டத்தை நான் செய்து தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அன்னிக்கு என்னமோ எழுதி அழிச்சீங்களே அங்கிள், அது என்னா?"

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். ஏன் அழித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் சொன்னார்: "உங்க பதிலுக்குத்தான் போன கையில வச்சுக்கிட்டு நின்னேன். அழிச்சுட்டாருன்னு காட்டுச்சு. அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சுதான் முகமூடிய மாட்டினேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கணவர் கேட் வரை வந்தார். "இனி வராதீங்க அங்கிள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தத் தைப்பூசத்தில் அவர் இரவல் காவடி எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். மூன்று மாதம் கழித்து அவர் மனைவி வேலைக்குத் திரும்பினார். ஆனால் அந்த விரல்களுக்கு மெல்லிய வயர் இருப்பது தெரிவதில்லையாம். இப்போது பேக்கிங் பகுதியில் இருக்கிறார்.

இருந்தும் அவர் குழுவைவிட்டுப் போகவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு வரி எழுதவில்லை. போன மாதம் புதிதாக வந்த ஒரு மெஷினைப் பற்றி ஒருவர் கேட்டார். இப்போதெல்லாம் எதையெல்லாம் நான் சோதிக்கவில்லை என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன். அன்றும் அப்படியே எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஜெலுத்தோங் பெண்ணிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: 'கையால தொட்டு பாத்தீங்களா?'

'தொட்டேன். எர்த் கழற்றினால் ஊறுகிறது. வாங்க வேண்டாம்' என்று பதில் போட்டேன். மூன்று பேர் வாங்காமல் விட்டார்கள்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. கேட்டால் அதுவும் அன்று அழித்த செய்தியைப் போல, அவருக்காக இல்லாமல் எனக்காகச் செய்ததாகத்தான் இருக்கும்.