செட்டிங்ஸ் மாமா கவனிக்காத ஒரு டிக்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் இருந்தது. ஆனால் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்று தளங்களிலும் அவர் ‘செட்டிங்ஸ் மாமா’தான். பட்டம் சூட்டியவள் அக்கா மகள். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, “உங்க போன் ஏன் இப்படிக் கத்திக்கிட்டே இருக்கு?” என்று கேட்பார். அடுத்த நிமிடம் அது அவர் கையில் இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது சத்தங்கள் அடங்கியிருக்கும். கேட்பாரில்லாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்த இருபது செயலிகள் நின்றிருக்கும். காலையில் போட்ட சார்ஜ் சாயங்காலம் வரை தாங்கும் என்பார்; தாங்கும். அதனால் அவருடைய நச்சரிப்பை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

வயது ஐம்பத்திரண்டு. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய காகிதம் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போடுகிற காகிதம், அதைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் அவர். மருந்துக் கம்பெனியின் அச்சுப் பிரிவில் இருபத்தாறு வருடம். ஒருமுறை அரை மில்லிகிராம் என்பதில் புள்ளி விழாமல் ஐந்து மில்லிகிராம் என்று அச்சாகியிருந்ததைக் கண்டுபிடித்து, ஏற்றுவதற்குத் தயாராக நின்ற லாரியிலிருந்து மொத்தச் சரக்கையும் இறக்க வைத்தார். அன்றிலிருந்து அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் அச்சுக்குப் போவதில்லை.

அக்காவின் கணவர் இறந்தபோது, “தனியாத்தானே இருக்க, வந்து இங்கயே இரு” என்று அக்கா சொல்ல, ஒரு பெட்டியோடும் ஒரு கணினியோடும் வந்தவர் எட்டு வருடமாக அங்கேயே இருந்தார். அக்காவுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. மகள் கல்லூரியில் கடைசி வருடம்.

அந்தக் கணினிக்கு ஒன்பது வயது. கடைக்காரர்கள் அதைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர் அதன் வயிற்றைத் திறந்து நினைவகத்தைக் கூட்டி, பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு வேகமான தட்டு ஒன்றைப் பொருத்தி, வேண்டாத நிரல்களை வேரோடு பிடுங்கி எறிந்து, பொத்தானை அழுத்திய பதினோராவது விநாடியில் எழுந்து நிற்கும்படி வைத்திருந்தார். அதில் விளம்பரம் என்பதே வராது. வாசலிலேயே நிறுத்த மூன்று வடிகட்டிகள் போட்டிருந்தார். “பழசு மெதுவாகறதில்ல, மெதுவாக்கறாங்க” என்பது அவருடைய தீர்மானமான கருத்து. அக்கா மகள் புதுப் போன் வேண்டும் என்று கேட்ட அன்றைக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவள் கடைசியில் பழைய போனே போதும் என்று எழுந்து போய்விட்டாள்.

அவரால் வெல்ல முடியாமல் போனது கூடத்தில் இருந்த டிவி ஒன்றைத்தான். அக்கா ஆசைப்பட்டு வாங்கியது. போட்டதும் முதலில் தெரிவது விளம்பரம். அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். ஏழு பட்டியல் இறங்கி ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்தார். இரண்டு வாரம் நிம்மதி. பிறகு டிவி தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டது. விளம்பரம் திரும்பி வந்தது, அணைக்கிற பொத்தான் மட்டும் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். நாற்பது நிமிடம் இசையைக் கேட்க வைத்தபின் ஒரு பெண் எடுத்து, சார், அது விளம்பரம் இல்லை, உங்களுக்கான பரிந்துரை என்றாள். நான் பரிந்துரை கேட்டேனா என்றார் இவர். அவளுக்கும் பாவம், யாரோ எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்க முடியும். முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அன்றோடு அவர் டிவி பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் குளிக்கப் போனதும் அக்கா அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். மூன்று வாரமாக இருக்கிறதாம். டாக்டர் அம்மாவைப் பார்த்தாகிவிட்டது, ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நூலகத்தில் புத்தகம் எண்ணுகிற குரலிலேயே சொன்னாள். பிறகு அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அவளுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் ஒரு வார்த்தை தெரியக்கூடாது. பக்கத்து வீட்டுக்கும் தெரியக்கூடாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நீதான் எல்லாத்தையும் ரகசியமா வைக்கத் தெரிஞ்சவன். அதனாலதான் உன்கிட்ட வந்தேன்.”

பரீட்சை முடியப் பதினெட்டு நாள் இருந்தது. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்மிடம் வந்திருக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவர் கூசிப்போவார்.

ஸ்கேன் நிலையத்துக்கு நேரில்தான் முதலில் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், எல்லாம் ஆன்லைனில்தான் என்றார். எதிரில் நிற்கிற ஆளுக்கு நீங்களே பதிவு செய்து கொடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, தன் கணினியிலும் அதே பக்கம்தான் வரும் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். தடம் விடாத தனி ஜன்னலைத் திறந்தார். இதற்காகவே புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினார். அந்தப் படிவமோ வடிகட்டிகளை நிறுத்தினால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. நிறுத்தினார். வயது, எந்தப் பக்கம், எத்தனை நாளாக, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று பக்கம் பக்கமாகக் கேட்டது. அக்கா பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. “சீக்கிரம் முடி, அவ வந்துட்டா” என்றாள். பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது. அழுத்தினார். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு நேரம் கிடைத்தது. ஸ்கேன் எடுத்தார்கள், பார்த்துவிட்டு, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

மகளிடம் நூலகத்தில் கணக்கெடுப்பு என்று சொல்லி வைத்திருந்தார்கள். பொய் நன்றாகவே நின்றது.

ஆனால் அந்த வாரமே கூடத்து டிவியில் புதுவிதமான பரிந்துரைகள் வரத் தொடங்கிவிட்டன. முதலில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. சிரித்த முகத்தோடு ஒரு பெண், ‘சீக்கிரம் கண்டால் பயமில்லை’ என்றாள். அக்கா ரிமோட்டை எடுத்து மாற்றினாள். எல்லா வீட்டிலும் வருவதுதானே என்று நினைத்தாள். மறுநாள் டோப்பா விளம்பரம்: சிகிச்சைக்குப் பிறகும் அதே அழகு, அசல் முடி. அதற்கடுத்த நாள் மார்பை எடுத்தவர்களுக்கான உள்ளாடை. இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டு அவள் சொல்லவில்லை. தம்பிக்கோ ஒன்றும் தெரியாது. அவர் டிவி பார்ப்பதில்லை. அவர் கணினியில் வடிகட்டிகள் மறுபடி ஏறியிருந்தன. வீட்டிலேயே விளம்பரம் எட்டாத ஒரே ஆள் அவர்தான்.

மகள் போனில் பாடக் காணொளி பார்த்துப் படிக்கிறவள். அவளுக்குப் பாடத்தின் நடுநடுவே அதே டோப்பா வந்தது. நான்காவது தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், அவள் அவர் மேசைக்கு எதிரில் வந்து நின்றாள்.

“மாமா, நேராவே கேக்கறேன். ஒரு வாரமா என் போன்லயும் டிவியிலயும் ஒரே மாதிரி வருது. நான் எதையும் தேடல. அம்மாவுக்குத் தேடத் தெரியாது. இந்த வீட்டு நெட்ல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்க யாருக்காகத் தேடினீங்க?”

அவர் வாயைத் திறந்தார். அலுவலக விஷயம், ஒரு மருந்து பற்றிய காகிதம் என்று சொல்லியிருக்கலாம், நம்பவும் செய்திருப்பாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் பொய் வரவில்லை. “உங்கம்மாவுக்குத்தான்” என்றார்.

“எந்தப் பக்கம்?” என்றாள்.

“இடது.”

அவள் தலையாட்டினாள். புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அரை மணி கழித்து வெளியே வந்த அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. குரல் மட்டும் அதே நூலகக் குரல்.

“பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருந்தாகூட என் புள்ள காதுக்கு இவ்ளோ சீக்கிரம் போயிருக்காதுடா.”

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போவாள்.

அவர் அன்றே அந்தப் படிவத்தை மறுபடி திறந்து ஆதியோடு அந்தமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில், பச்சைப் பொத்தானுக்குக் கீழே, வெள்ளைத் தரையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. உங்கள் நலன் கருதி எங்கள் கூட்டாளி நிறுவனங்கள் உங்களையும், உங்கள் இல்லத்தின் இணைய இணைப்பில் உள்ள சாதனங்களையும் அணுகலாம். பக்கத்தில் ஒரு சிறிய கட்டம். கட்டத்துக்குள் அவர்களே போட்டு வைத்த டிக். யானை வாங்கினவன் அங்குசத்தை மறந்த மாதிரி, இருபத்தாறு வருடம் பொடி எழுத்தைப் படித்தே சோறு தின்றவர் சொந்த அக்காவுக்காகப் படிக்க வேண்டிய ஒரே வரியைப் படிக்கவில்லை.

ஊசிச் சோதனைக்கு மகளும் கூடப் போனாள். முடிவு வர ஐந்து நாள் என்றார்கள். அந்த ஐந்து நாளுக்கு நடுவில்தான் நான்காவது தேர்வு. எழுதப் போனாள். திரும்பி வந்து, இரண்டு பெரிய கேள்விகளைத் தொடவே இல்லை என்றாள். அது ஒரு செய்தி மாதிரிதான் சொன்னாள், யாரையும் குறை சொல்லவில்லை. அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

முடிவு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டுங்கள் என்றார் டாக்டர் அம்மா. வரும் வழியில் தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். அவர் இரண்டடி பின்னால் வந்தார். அந்த ஒரு பாடத்தில் அவள் தேறவில்லை. அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்குப் பேசி வைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்கவில்லை.

அவர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்கேன் நிலையத்துக்குப் போனார். மேலாளர் மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். நீங்கள் சம்மதித்திருக்கிறீர்களே சார், இதோ பாருங்கள், நாள், நேரம் எல்லாம் இருக்கிறது.

அவர் சட்டைப்பையிலிருந்து எழுத்தளவு பார்க்கிற ஒளிபுகும் அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்தார். “மாத்திரைக் காகிதத்துல இந்த அளவுல, இந்த நிறத்துல ஒரு எச்சரிக்கை அச்சடிச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன். சரக்கு வெளியே போகாது. நீங்க ஒரு பொம்பளையோட உடம்பைப் பத்தின விஷயத்துக்கு இதைப் போட்டிருக்கீங்க.”

மேலாளர் அந்த அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கடப்பட்டதாகத்தான் தோன்றியது. படிவம் செய்தது வேறு நிறுவனம் என்றார். அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண் தன்னிடம் இல்லை, மின்னஞ்சல்தான் என்றார்.

மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று அரை விநாடியில் இயந்திரம் பதில் போட்டது. ஒரு வாரம் கழித்து, எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா என்று ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. மூன்று கடிதம் எழுதினார், பதிவுத் தபாலிலும் ஒன்று. நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தார். ஒரு எண் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். சுவரில் முட்டிக்கொள்கிற வேலைதான், தெரிந்தும் விடவில்லை.

கட்டி கெட்டதில்லை என்று தெரிந்த பிறகும் டோப்பா நிற்கவில்லை. நல்ல சேதியைத் தெரிந்துகொள்ள அந்தக் கூட்டாளிகளுக்கு வழி இல்லை போலிருக்கிறது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவர் டிவியின் இணைய இணைப்பையே துண்டித்தார். கூடம் இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“இணைப்பைத் திருப்பிக் கொடுடா. நான் பார்க்கற தொடர் அதுல மட்டும்தான் வருது.”

“அந்தக் கருமமும் கூட வருமேக்கா.”

“வந்துட்டுப் போகட்டும். வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் உக்கார்றேன். அதையும் அவனுகளுக்காக விட்டுக் கொடுக்கணுமா நான்?”

அவர் எழுந்தார். போய்க் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தார். தொடர் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு விளம்பரம் வந்தது. இரண்டாவது, அதே சிரித்த பெண். அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள், நிமிரவில்லை. அவர் மட்டும் சுவர் ஓரமாக நின்று, ‘தவிர்க்க’ என்கிற பொத்தான் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. முப்பது விநாடியும் முழுசாக ஓடியது.