சகலை வாங்கிய பங்குகள்

எங்கள் பம்ப் கம்பெனியில் அவரைச் சீல்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கம்பெனியின் முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது. செயலாளர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம், ஜன்னலோர மேசை, இரும்பு அலமாரி, இரண்டு சாவி. அடுத்த மேசை என்னுடையது. அதனால் அவருடைய வயிற்றெரிச்சலில் பாதியை நான் நேரில் பார்த்தேன்; மீதியை ஓய்வு பெற்ற பிறகு அவரே சொன்னார்.

எரிச்சல் முழுக்க ஒரே ஆள் மேல். அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே சீல்காரர்தான். வேலையில்லாமல் இருந்த மாப்பிள்ளையை எங்கள் விற்பனைப் பிரிவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். "நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று சிபாரிசு செய்தாராம். அந்த வாய் மூட்டை மூட்டையாகப் பொய் பேசவில்லை, பம்புகளை விற்றது. பதினெட்டே வருடத்தில் சகலை டைரக்டராகி மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார். சீல்காரர் தரைத்தளத்திலேயே இருந்தார். வீட்டில் 'தம்பி' என்று கூப்பிடுகிறவரை ஆபீசில் 'சார்' என்று கூப்பிட வேண்டும்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். டைரக்டர்கள் தங்கள் கம்பெனியின் பங்குகளையே வாங்கலாம். ஆனால் உள்விஷயம் தெரிந்தவர்கள் என்பதால் ஒளித்து வாங்கக் கூடாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும், வாங்கியதும் படிவம் தர வேண்டும். அது கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் நாங்கள் பங்குச் சந்தைக்குத் தெரிவித்துவிட வேண்டும். அதைத் தட்டச்சு செய்து அனுப்புகிற வேலை சீல்காரருடையது. சகலை ஐந்நூறு பங்கு வாங்கினாலும் ஆயிரம் வாங்கினாலும் இவர் விரல் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த நாட்களில் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பும்.

ஒரு வருடம் எங்கள் புது பம்பில் கசிவு கண்டது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வாங்கியதை எல்லாம் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார். பங்கு விலை பாதியானது. ஊழியர்கள் கையில் இருந்ததை விற்றார்கள். மற்ற டைரக்டர்கள் வாயே திறக்கவில்லை. சீல்காரரிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. விலை இறங்க இறங்க அவர் முகம் தெளிந்தது. கம்பெனி முழுகினால் தன் சம்பளமும் முழுகும் என்று தெரியாதவரல்ல. ஆனாலும் அந்த மாதம் அவர் டப்பாவை வழித்துச் சாப்பிட்டார்.

அப்போதுதான் ஒருநாள் காலையில் சகலையே படிவத்தோடு கீழே இறங்கி வந்தார். நாற்பதாயிரம் பங்குகள்.

"அண்ணே, இதை இன்னைக்கே அனுப்பிடுங்க."

"சரிங்க சார்."

"இங்க யாரு இருக்கா, சார் எதுக்கு?"

சீல்காரரின் கண்கள் அந்த எண்ணிலேயே இருந்தன. தபால் வரவுப் பதிவேட்டில் தேதி போட்டு, படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்தார்.

இவனுக்கு ஏதோ நல்ல சேதி முன்னாடியே தெரிந்திருக்கிறது என்று அவர் மனம் அடித்துச் சொன்னது. மதிய இடைவேளைகளில் பழைய கோப்புகளை இறக்கி, டைரக்டர்கள் கூட்டம் நடந்த தேதிகளையும் சகலை பங்கு வாங்கிய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது. எந்தத் தேதியும் தப்பவில்லை. ஒரு குற்றமும் அகப்படாததில் அவருக்கு இன்னும் ஆத்திரம். ஐந்தாவது நாள்தான் படிவத்தை அனுப்பினார்.

பங்குச் சந்தை விளக்கம் கேட்டது. பத்திரிகை ஒன்று, பங்கு வாங்கியதை டைரக்டர் மறைத்தார் என்று நாலு வரி போட்டது. செயலாளர் அம்மா பதிவேட்டைப் புரட்டினார். படிவம் என்றைக்கு வந்தது என்பது சீல்காரரின் கையெழுத்திலேயே இருந்தது.

மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். படியிலேயே சகலை நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, மறந்துட்டீங்களா, மறைச்சிட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"சரி. மறதின்னே எழுதச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சகலை உள்ளே போனார்.

சீல்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருட ஊதிய உயர்வு போயிற்று. படிவங்களை அனுப்புகிற வேலை என் மேசைக்கு மாறியது. சகலை தன்னை மன்னித்துவிட்ட தோரணையைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பலமுறை சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்கப் போன மனைவி, முகம் வாடித் திரும்பினாள். தங்கை குடும்பம் வீட்டை விற்றுவிட்டது. ஒரு சலவைக் கடை மாடியில் இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீடு விற்ற பணம் அத்தனையும் அந்த நாற்பதாயிரம் பங்குகளில்.

"அவனுக்கென்ன பைத்தியமா?" என்றார் சீல்காரர்.

"அவளும் அதான் கேட்டாளாம். நான் வித்த பம்பு, எனக்குத் தெரியாதான்னாராம்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நீங்க அவருக்கு முன்னாடியே கம்பெனியில சேர்ந்தவங்க. ஒரு பங்காவது வாங்கினீங்களா?"

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினாராம். "அதுவரைக்கும் அவன் பணத்தைப் பார்த்துத்தான் எரிஞ்சேன். அன்னைக்குத்தான் அவனையே பார்த்து எரிஞ்சேன்" என்றார் என்னிடம்.

பங்கு பழைய விலைக்கு வர நாலு வருடம் பிடித்தது. அதுவரை தங்கை தன் கணவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு வீடு வாங்கினார்கள், முன்னதைவிட ஓர் அறை குறைவு. கிரகப்பிரவேசத்துக்குப் போன சீல்காரர் அறைகளை எண்ணிவிட்டு வந்து, அந்தக் குறைவை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

இதற்கு நடுவில் ஒருநாள், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவர் என் மேசைக்கு ஒரு தாளை நகர்த்தினார். செயலாளர் அலுவலகத்தில் இருப்பவர்களும் பங்கு வாங்க அனுமதி கேட்க வேண்டும்; அது அவருடைய விண்ணப்பம். இருநூறு. யாரிடமும் சொல்லாதே என்றார். பதிவேட்டில் ஏறத்தானே போகிறது என்றேன். மூன்றாம் மாடியில் அதை யாராவது புரட்டிப் பார்ப்பார்களா என்று கேட்டார்.

இப்போது அவர் ஓய்வில் இருக்கிறார். தினமும் சந்தை முடிந்ததும் எனக்குப் போன் வரும். விலை இறங்கியிருந்தால் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். ஏறியிருந்தால் மட்டும் போனை வைக்க மாட்டார்.

"அப்போ அவனுக்கு எவ்வளவு ஏறியிருக்கும்?" என்பார்.

தன்னுடைய இருநூறைப் பற்றி இதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.