வெர்னா வாஷிங்டனுக்குச் சாட்சி சொல்லப் போனது

வெர்னா ஸ்டோல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், இறைச்சி ஆலையைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லாத ஊர். அவள் பீன்ஸ் சில்லிக் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் போடும் நாளில் வாத்தியார்கள்கூட வரிசையில் வந்து நிற்பார்கள். அரசியல் அவளுக்கு ஆகாது. அந்தப் பேச்சை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அப்படிப்பட்டவளைச் செனட்டர்கள் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது அவள் புருஷன் லைலின் சாவு.

ஆலையின் குளிர்கிடங்கில் அமோனியா வாயு கசிந்த அன்று லைல் வெளியே வந்துவிட்டார். பிறகு திரும்ப உள்ளே போனார். பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். நஷ்டஈட்டு வழக்கு மேல்முறையீடுவரை போய்த் தோற்றது. தீர்ப்பில் நீதிபதி ஒரு வரி எழுதியிருந்தார்: "காரணமின்றித் தாமாகவே உள்ளே சென்றார்."

காரணம் இருந்தது. உள்ளே, கூட வேலை பார்த்த எஃப்ராயின் மயங்கிக் கிடந்தான். அவனைக் கதவுவரை இழுத்து வந்து வெளியே தள்ளியது லைல்தான். குடியேற்றக் காகிதம் இல்லாத எஃப்ராயின் பயந்துபோய் ஊரைவிட்டே ஓடினான். அவனைக் காட்டிக்கொடுக்க வெர்னாவுக்கு மனம் வராததால் வழக்கில் அவன் பெயரே வரவில்லை. இப்போது காகிதம் கிடைத்துத் திரும்பி வந்துவிட்டான். "இனிமே தாராளமா என் பேரச் சொல்லுங்கக்கா" என்று வெர்னாவின் வாசலில் நின்று அழுதான்.

அதே நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கலாமா என்று இப்போது செனட் விசாரித்தது. எதிர்க்கட்சிச் செனட்டர் ஒருவர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அந்த நீதிபதியின் முகத்தைப் பார்த்து எஃப்ராயின் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே ஆசையில் வெர்னா விமானம் ஏறினாள்.

செனட்டரின் உதவியாளர் கெல்சி அவளுக்கு ஒரு பேச்சை எழுதி வைத்திருந்தாள்.

"எஃப்ராயின் பேரக் காணோமே?"

"அதச் சொன்னா, அவராத்தான் உள்ள போனார்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மேடம்."

"அவராத்தானேம்மா போனாரு?"

"ஆமா. ஆனா நாம அதச் சொல்லக் கூடாது."

வெர்னாவுக்குத் தலை சுற்றியது. கேள்வி கேட்கும்போது நீதிபதியிடமே நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சத்தியம் செய்தாள், எழுதித் தந்ததைப் படித்தாள். அதன் பிறகு ஆரம்பித்தது கூத்து. கூப்பிட்ட செனட்டர், லைலின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். லைல் மீன் பிடித்துவிட்டுச் சிரிக்கும் படம். மீனை மட்டும் வெட்டிவிட்டார்கள். தனக்கு ஒதுக்கிய நேரம் முழுக்க நீதிபதியைத் திட்டித் தீர்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரப் பத்தி ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். வெர்னா வாயைத் திறந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "என் நேரம் முடிஞ்சிருச்சு" என்று அவளுக்கு நன்றி சொன்னார்.

அடுத்துக் கேட்ட செனட்டர் நீதிபதியின் ஆள். அவரோ லைலின் பெயரைச் சொல்லும்போதே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும் மேடம். நீதிபதி சட்டப்படிதானே நடந்தார்?"

யார் தன் பக்கம் என்றே அவளுக்கு விளங்கவில்லை. திட்டியவர் கண்ணில் சொட்டு ஈரம் இல்லை. இவர் என்னவென்றால் அழுகிறார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அவர் எங்க?"

"யாரு மேடம்?"

"நீதிபதி. அவர்கிட்டப் பேசத்தான் வந்தேன்."

"அவர் விசாரணை நேத்தே முடிஞ்சிருச்சே. வெளிச் சாட்சிங்க வர்ற அன்னிக்கு அவர் வர்ற வழக்கமில்ல" என்றார் குழுத் தலைவர், நயமாக.

வழக்கமாம். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதை அவளிடம் சொல்லத்தான் ஒரு பாவிக்கும் தோன்றவில்லை. பாதி செனட்டர்களும் எழுந்து போயிருந்தார்கள். மறுபடி சிவப்பு விளக்கு எரிந்தது.

தாழ்வாரத்தில் கெல்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "'அவர் எங்க'ன்னு ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க, பிரமாதம். உங்களுக்குப் பயந்து அவர் ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்கு எல்லா சானல்லயும் அதுதான்."

வெர்னா விழித்தாள். தெரியாமல்தானே கேட்டாள்.

விமான நிலையத்தில் மகள் ஜோலீன் போனில் வந்தாள். "முழுசும் பார்த்தோம்மா. என்ன தில்லு உனக்கு."

"எனக்கு எல்லாம் கலங்கிக் கெடக்குடி. எஃப்ராயினக் காப்பாத்தத்தான் அப்பா போனாருன்னு நான் எங்கயாவது சொன்னேனா?"

மறுமுனையில் ஜோலீன் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"இல்லம்மா" என்றாள் ஜோலீன். "எஃப்ராயின் மாமா இங்கதான் இருக்காரு. தன் பேரு வரும்னு இன்னும் டிவிய அணைக்க விடமாட்டேங்கறாரு."