முறுக்கிவிட்ட கோன் செட்

வீடு வீடாகப் போய் இரத்தம் எடுப்பது என் வேலை. பாறசாலையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். விடிந்ததும் ஐஸ் பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வெள்ளறடை வரைக்கும் போவேன். சாப்பிடாமல் காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் இரத்தம் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பைக் ஒரு நாள் நின்றால் வேலையும் நின்றுவிடும்.

அந்த வருடம் குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மூடிய இடமெல்லாம் மழையில் இறங்கிவிட்டது. ஒருநாள் காலையில் தண்ணீர் தேங்கிய குழி ஒன்றில் என் முன்சக்கரம் முழுதாக இறங்கி ஏறியது. நான் விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் ஹேண்டிலுக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. காதுக்குக் கேட்டதைவிட உள்ளங்கைக்குத்தான் அதிகம் தெரிந்தது.

சில வாரங்களில் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. நேரான சாலையில் வண்டி நேராகப் போகவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாயும். திருத்தினால் வலப்பக்கம் கூடுதலாகப் போகும். என் மனைவி உதியன்குளங்கரையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். மாலையில் அவளை ஏற்றிக்கொண்டு வருவேன். ஒருநாள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இஞ்சேருங்க, என்னத்துக்கு இப்பிடி ஆடி ஆடிப் போறிய? எனக்குப் பேடியாட்டு இருக்கு.”

“ரோடு செரியில்ல.”

“மத்த வண்டியெல்லாம் நேராத்தானே போவுது.”

மறுநாள் பள்ளி விடுவதற்கு முன்பே கிளம்பி, பள்ளிச் சந்திப்பிலேயே இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அதிகம் பேசாதவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார்.

“கண்ண மூடிட்டு ஒத்த வெரலால திருப்பிப் பாருங்க சாரே.”

திருப்பினேன். ஓரத்திலிருந்து லேசாக வந்த ஹேண்டில் நடுவில் வந்ததும் ஏதோ ஒன்றுக்குள் விழுந்தது போல நின்றுவிட்டது. அங்கிருந்து அதை எடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. பலம் கொடுத்தால் சட்டென்று வெகுதூரம் போனது.

“கோன் செட்டாக்கும்,” என்றார். ஹேண்டில் திரும்புகிற கழுத்துக்குள் மேலும் கீழும் இரும்பு வளையங்கள் உண்டு, அவற்றில் குண்டுகள் ஓடுகின்றன, வளையத்தில் குழி விழுந்துவிட்டால் குண்டுகள் அதற்குள் போய்க் கிடந்துவிடும் என்று விரலால் தரையில் வரைந்து காட்டினார். மேல், கீழ் இரண்டையும் கழற்றி மாற்ற வேண்டும். முழுசாக ஒரு நாள் ஆகும்.

என்னிடம் ஒரு நாள் இல்லை. அல்லது இல்லை என்று நினைத்தேன்.

“இப்ப முறுக்கி விடுங்க. ஓணம் கழியட்டு, மாத்தலாம்.”

“முறுக்கினா சத்தம் நிக்கும். சத்தம் நிக்கியதினால சீக்கு போவாது. குழி இன்னும் பலமா பிடிக்கும்.”

நான் வற்புறுத்தினேன். காத்திருக்கும் நோயாளிகளைச் சொன்னேன். அவர் ஸ்பானரை எடுத்து முறுக்கினார். சாவியைத் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வேற ஆருக்கும் வண்டி குடுக்காண்டாம் சாரே. நீங்க இதுக்க கொணம் அறிஞ்சு ஓட்டுதிய. புதுசா ஏறுதவனுக்குத் தெரியாது.”

சத்தம் அன்றைக்கே நின்றுவிட்டது. மாலையில் மனைவி, “செரியாயிட்டா?” என்று கேட்டாள். ஆயிட்டு என்றேன்.

அதற்கடுத்த வாரங்களில் சத்தம் இல்லை. ஹேண்டில் கனத்துப்போயிருந்தது. வளைவு வருவதற்கு முன்பே உடம்பைச் சாய்த்து, தொடையால் டாங்கை அழுத்தி வண்டியைத் திருப்பப் பழகிக்கொண்டேன். அப்படிப் பழகிக்கொண்டது எனக்கே தெரியவில்லை. ஒருநாள் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஒரு நாய் குறுக்கே வந்தது. திருப்பினேன், வரவில்லை. இன்னும் அழுத்தினேன், ஒரேயடியாக வந்தது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. கீழே தண்ணீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து குழாய்கள் உடைந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. இரத்தத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. அன்று மெக்கானிக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில்தான் நின்றார். நான் நிறுத்தவில்லை.

ஓணம் கழிந்தது. மனைவியின் தம்பிக்கு ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எலக்ட்ரீஷியன். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாணக் கார்டுகள் நிறைந்த பையோடு வந்தான். அவனுடைய ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்தது.

“அத்தான், வண்டி தாருங்க. வெள்ளறடையில நாலு வீடு உண்டு. அஞ்சு மணிக்குள்ள வாறேன்.”

நான் பதில் சொல்வதற்குள் மனைவி சாவியை எடுத்து நீட்டிவிட்டாள். “எலே, பைய போணும், கேட்டியா?” என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டி சரியில்லை என்று சொன்னால், சரியாயிட்டு என்று நான் சொன்னது பொய் என்று அவள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இத்தனை நாள் அவளை அதில்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்றும் ஆகும். “ஹேண்டில் கொஞ்சம் டைட்டு,” என்று மட்டும் சொன்னேன். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே தலையசைத்தான். கேட்டானோ என்னவோ. தெருமுக்கில் திரும்பும்போது வண்டி வேண்டியதற்குக் கூடுதலாக உள்ளே வந்ததைப் பார்த்தேன். அவன் திருத்திக்கொண்டு போனான்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மனைவி மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து மூடி வைத்தாள். நாலரைக்கு அவனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. “மழையில எங்கயாவது ஒதுங்கியிருப்பான்,” என்றாள். ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். நான் முற்றத்துக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் நின்றேன். மழை விட்ட பிறகு ரப்பர் மரங்களிலிருந்து சொட்டும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்கு அவன் எண்ணிலிருந்தே என் போன் அடித்தது. வேறு யாரோ ஒருவரின் குரல். மலையாளத்தில் பேசினார். இந்த போனின் ஆள் உங்களுக்கு யார் என்று கேட்டார். சொன்னேன்.

“பேடிக்கண்டா,” என்றார், பயப்பட வேண்டாம் என்று. “ஜீவன் உண்டு.”

உயிர் இருக்கிறது என்று சொல்லவேண்டி வந்தால் மற்றது என்ன ஆகியிருக்கும் என்று ஆட்டோவில் போகும்போது நினைத்துக்கொண்டேன். மனைவி என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இறக்கம் முடிகிற வளைவு அது. வண்டி வளையாமல் நேராகப் போய் வெட்டுக்கல் மதிலில் மோதியிருந்தது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கல்யாணக் கார்டுகள் ரப்பர் தோட்டத்துக்குள் சிதறிக் கிடந்தன. போனில் பேசினவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி அடுக்கி வைத்திருந்தார். மூலைகளில் தடவிய மஞ்சள் கரைந்து எழுத்துகளின் மேல் ஓடியிருந்தது. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

தோள் எலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்திருந்தன. மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் என்னைத்தான் பார்த்தான்.

“திருப்பினேன் அத்தான். வண்டி திரும்பயில்ல.”

“மழையில வேகமா போயிருப்ப,” என்று அக்காள் அதட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

உடைந்த வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போட்டேன். அவர் முன்பக்கத்தைக் கழற்றி, கீழ் வளையத்தைத் துடைத்துச் செய்தித்தாளின் மேல் வைத்தார். வட்டம் முழுவதும் சின்னச் சின்னக் குழிகள், ஒரே இடைவெளியில். விரலை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தட்டியது.

“ஆராக்கும் ஓட்டினது?”

சொன்னேன். அவர் வெகுநேரம் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“சொல்லணும் சாரே,” என்றார்.

நான் பத்து நாள் சொல்லவில்லை. அதற்குள் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. மோதுவதற்கு முன்னால், இறக்கத்துக்கு மேலே நேர்ச் சாலையிலேயே வண்டி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு வந்ததை ஒரு கடைக்காரர் பார்த்திருக்கிறார். பையன் குடித்திருந்தான் என்று ஆயிற்று. வாழ்நாளில் குடிக்காதவன். பேச்சு பெண் வீட்டுக்குப் போனது. கல்யாணத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது என்று அங்கிருந்து தகவல் வந்தது.

முதலில் அவனிடம் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். “அக்காட்ட சொல்லாண்டாம்,” என்றான். அவள் வாழ்க்கையில் சண்டை வரக்கூடாது என்று அந்த நிலையிலும் நினைத்திருக்கிறான். அது எனக்கு அடி வாங்கினது போல இருந்தது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப தெரியும்?”

“ஓணத்துக்கு முந்தி.”

“நான் அண்ணைக்கே கேட்டேன்லா.”

மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் தகப்பனார் என்னை உட்காரச் சொன்னார். வண்டி என்னுடையது, அது கெட்டது என்று தெரிந்தும் நான் கொடுத்தேன், ஆடினது வண்டிதான், பையன் அல்ல என்று சொன்னேன். செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோன வளையத்தைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, நகத்தால் ஒவ்வொரு குழியாகத் தொட்டுப் பார்த்தார்.

“நீங்க வந்து சொல்லியது கொள்ளாம், நல்லது,” என்றார். “கல்யாணம் நடக்கும். ஆனா ஒண்ணு உண்டு. நீங்க குடுக்கிய வண்டியில எனக்க மக ஏறமாட்டா.”

தலையாட்டிவிட்டு எழுந்தேன். ஒரு குழந்தைக்குச் சொல்வது போல அவர் படியிறங்கும் வழியைக் காட்டினார்.

ஐப்பசியில் நடக்க வேண்டிய கல்யாணம் தை மாதம் நடந்தது. சரடை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கை விரல்களால் மெதுவாகத் தாலி கட்டினான். ஸ்க்ரூடிரைவரை இறுக்கிப் பிடிக்க இன்றும் அவனால் முடிவதில்லை. கூட ஓர் ஆளை வைத்துத்தான் வயரிங் வேலை எடுக்கிறான். நான் இப்போது வேறு வண்டி வைத்திருக்கிறேன். மனைவி என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். பள்ளிக்கு மட்டும் பஸ்ஸில்தான் போய் வருகிறாள். சாயங்காலம் கூட்டிவர வரட்டுமா என்று நானும் கேட்பதில்லை.

போன மாதம் அவன் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். பெண்கள் அடுக்களையில் இருந்தார்கள். அவன் என் இலையில் இடது கையால் பாயசம் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்.

“அத்தான், நான் அண்ணைக்கு செத்துப் போயிருந்தா, சொல்லியிருப்பியளா?”

“சொல்லியிருப்பேன்,” என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அப்பளம் வேண்டுமா என்று கேட்டான்.